பொம்பெயி அப்பல்லோவுக்கு மாலை வெயில்தான்

இத்தாலியில் எரிமலை மூடிப் புதைந்த பழைய ரோமானிய ஊர் பொம்பெயி. அங்கே போகிறவர்களில் பலர், வில்லிழுக்கிற கடவுள் அப்பல்லோவின் வெண்கலச் சிலையைக் காலையிலேயே படம் எடுத்துவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. போர்த்தா மரீனா வாசலில் நுழைந்து மேடேறினால், ஃபோரம் என்கிற ஊர்ச் சதுக்கத்துக்குச் சற்று முன்னால் இடப்பக்கம் அப்பல்லோ கோயில் வந்துவிடும். புதுத் தெம்போடு வருகிற எல்லோரும் அங்கே நின்று கேமராவைத் தூக்குவார்கள். ஆனால் சிலை நிற்பது கோயில் முற்றத்தின் கிழக்கு ஓரத்தில், முற்றத்தைப் பார்த்தபடி. அதாவது முகம் மேற்கே. காலை வெயில் அதன் முதுகில் விழும். படத்தில் வானம் வெளுத்து, சிலை கரிக்கட்டையாக வரும். வரைபடத்தை வைத்துக்கொண்டு இதை ஊரிலேயே யோசித்து வைத்திருந்தேன். அக்டோபர் மாதத்து மாலை என்று முடிவு செய்தேன். அந்த மாதம் முழுக்க மாலை ஏழு மணிவரை திறந்திருக்கும், கடைசி நுழைவு ஐந்தரைக்கு. ஆனால் மாதக் கடைசியில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிவிடுவார்கள், ஐந்து மணிக்கே பொழுது சாய்ந்துவிடும். அதற்கு முன்பே போய்விடுவது நல்லது.

டிக்கெட்டை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். 2024 நவம்பரிலிருந்து ஒரு நாளைக்கு 20,000 பேருக்கு மேல் விடுவதில்லை. டிக்கெட்டில் பெயர் இருக்கும், அடையாள அட்டை கையில் இருக்க வேண்டும். மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம் என்று யாராவது ஆசை காட்டினால், படம் எடுக்கிறவர்கள் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது. நாப்போலியிலிருந்து (நேப்பிள்ஸ்) சொரெந்தோ போகிற சர்க்கம்வெசுவியானா ரயிலில் ஏறி 'பொம்பெய் ஸ்காவி' நிலையத்தில் இறங்கினால் வாசல் பக்கத்திலேயே இருக்கிறது.

பையின் அளவில் கவனம் வேண்டும். 30×30×15 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் உள்ளே கொண்டுபோக முடியாது. வாசலில் வைத்துவிட்டுப் போக இடம் உண்டு. நான் கேமரா முதுகுப்பையை அறையிலேயே விட்டுவிட்டு, ஒரு கேமரா, 24–105 லென்ஸ், ஒரு துணிப்பை என்று கிளம்பினேன். ட்ரைபாடுக்கும் டிரோனுக்கும் முன் அனுமதி வேண்டும் என்பதால் அந்த எண்ணத்தையே விட்டுவிட்டேன். வெட்டவெளியில் வெயில் இருக்கும்வரை ட்ரைபாட் எதற்கு என்பது வேறு விஷயம்.

இனி சிலை. இரண்டு கைகளையும் நீட்டி வில்லிழுக்கிற அப்பல்லோ. வில்லும் இல்லை, அம்பும் இல்லை. மெல்லிய சால்வை ஒன்று முதுகுக்குப் பின்னால் சுற்றி இரண்டு கைகளிலும் தொங்குகிறது. உடல் முன்னுக்குச் சாய்ந்திருக்கிறது. நேர் எதிரே நின்றால் நீட்டிய கை நம்மை நோக்கி வந்து குட்டையாகிவிடுகிறது. வில்லாளி என்றே தெரியாது. கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கவாட்டில் நகர்ந்து பார்த்தேன். முகத்தின் முக்கால் பங்கு தெரிகிற ஒரு கோணத்தில் கை, சால்வை, சாய்ந்த உடல் மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரிந்து தெரிந்தன. அதை விட்டு ஓரடி நகர்ந்தாலும் பின்னாலிருக்கும் தூண் தலையிலிருந்து முளைத்தது போல் ஆகிவிடும்.

பின்னணியில் வெசுவியஸ் எரிமலை வேண்டுமென்றால் தெற்குப் பக்கம் வந்து வடக்கே பார்க்க வேண்டும். 24 மில்லிமீட்டரில் எடுத்தால் 1,281 மீட்டர் மலை ஒரு சின்ன மேடாகிவிடும். அதனால் நன்றாகப் பின்னால் தள்ளி நின்று 100 மில்லிமீட்டர் பக்கம் எடுத்தேன், அப்போதுதான் கி.பி. 79இல் இந்த ஊரையே மூடிய மலைக்கு உரிய கனம் படத்தில் வருகிறது. இரண்டுமே தெளிவாக இருக்க அபெர்ச்சரை, அதாவது லென்ஸின் திறப்பை, எஃப் 11க்குச் சுருக்கினேன். வெண்கலம் கருமை என்பதால், சிலையை மட்டும் வைத்து வெளிச்சத்தை அளந்தால் கேமரா அதை வெளுக்கப் பார்க்கும், வானம் போய்விடும். வெளிச்ச அளவை முக்கால் ஸ்டாப் குறைத்து, கேமரா பதிவு செய்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலாக எடுத்து, கருத்த பகுதிகளைப் பிறகு வெளிச்சமாக்கிக்கொண்டேன்.

நான்கு மணிக்குமேல் வெயில் மஞ்சளாகி, வெண்கலத்தின் பச்சைப் பூச்சு தனியாகத் தெரிய ஆரம்பித்தது. நெஞ்சிலும் தொடையிலும் ஒரு மினுமினுப்பு. இதற்காகத்தான் வந்தேன். ஆனால் ரொம்பவும் காத்திருக்கக் கூடாது. சூரியன் இறங்க இறங்க எதிர்ப்பக்கத் தூண்களின் நிழல் முற்றத்தைத் தாண்டி வரும்.

கூட்டத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். வழிகாட்டியின் கொடியோடு ஒரு குழு வரும், ஏதோ கேட்கும், போகும். இடையில் ஒரு மூச்சு விடும் நேரம் கிடைக்கும். கோணத்தை முன்பே முடிவு செய்துவிட்டு அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தால் போதும். காத்திருந்த நேரத்தில் எதிரே இருக்கும் டயானா தேவியின் மார்பளவுச் சிலையையும், படிக்கட்டருகே சூரியக் கடிகாரம் ஏந்திய தூணையும் எடுத்தேன்.

இங்கே நிற்கும் அப்பல்லோவும் டயானாவும் நகல்கள். அசல்கள் நாப்போலி தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. வீனஸ் கோயில் மேடையில் நிற்கும் பிரம்மாண்டமான டெடலஸ் ரோமானியச் சிலையே அல்ல. போலந்து வம்சாவளிச் சிற்பி இகோர் மிதோராய் நம் காலத்தில் செய்தது. அதன் முன் நின்று 'இரண்டாயிரம் வருஷம்' என்று சிலர் வியந்ததை நானே காதால் கேட்டேன். அழகான சிலைதான், அதையும் எடுத்தேன்.

நகலை எடுக்க இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று என் தம்பி கேட்டான். சரியான கேள்வி. அதனால் அருங்காட்சியகத்துக்கும் போனேன் (செவ்வாய் விடுமுறை, கவனம்). அசல் 1817–18இல் துண்டுதுண்டாகக் கிடைத்து ஒட்டப்பட்டது. 2011இல் அமெரிக்காவின் கெட்டி வில்லா அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைத்தபோது, அந்தப் பழைய ஒட்டுவேலையையும் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். கிட்டப்போய் உலோகத்தைப் பார்க்க அதற்கு ஈடில்லை. ஃபிளாஷ் இல்லாமல் ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்வை) ஏற்றி முகத்தையும் விரல்களையும் மட்டும் எடுத்தேன். ஆனால் அங்கே அது ஒரு கூடத்துச் சிலை. யாரைக் குறிவைத்து வில்லிழுக்கிறது என்பது முற்றத்தில்தான் புரிகிறது, அங்கேதான் வானமும் இருக்கிறது. ஒரே ஒரு படம் என்றால் நான் நகலைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

ஊர் திரும்பியதும் நண்பர் ஒருவர் மலையோடு இருக்கும் படத்தைத் தன் அச்சகக் காலண்டருக்குக் கேட்டார். சொந்த உபயோகத்துக்கு எடுத்து நாலு பேருக்குக் காட்டுவதில் சிக்கல் இல்லை. விற்பனைக்கு அச்சடிப்பதென்றால் இத்தாலியப் பாரம்பரியச் சட்டப்படி முன் அனுமதியும் கட்டணமும் உண்டு. விண்ணப்பம் எழுதும் பொறுமை எனக்கு இல்லை; மகாபலிபுரத்துப் படம் ஒன்றைக் கொடுக்கட்டுமா என்று கேட்டேன். அதற்கு என்ன அனுமதி வேண்டும் என்று முதலில் பார்க்கச் சொல்லிவிட்டார்.