ஒரு கவர் லெட்டரும் ஒரு கழுத்து ரிப்பும்

மார்ச் 3, 2025, திங்கள்

திருப்பூரில் பனியன் கம்பெனியில் க்யூ.சி., அதாவது தரம் பார்க்கும் வேலைக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. மெர்ச்சண்டைசிங் பக்கம், அதாவது பையரோடு பேசி ஆர்டரை நடத்தும் வேலைக்கு, போக வேண்டும் என்று ஐந்து கம்பெனிக்கு விண்ணப்பித்தும் ஒரு பதில்கூட இல்லை. அனுப்பிய கடிதத்தை இன்று வாய்விட்டுப் படித்தேன். ‘தங்கள் மேலான நிறுவனத்தில்’, ‘கடின உழைப்பாளி’, ‘நேரம் தவறாதவள்’. பள்ளிக்கூடத்தில் அனுப்புநர், பெறுநர் போட்டு எழுதிய விடுப்பு விண்ணப்பம் மாதிரியே இருக்கிறது. முன்பு எங்களோடு வேலை பார்த்த அக்காவுக்கு அனுப்பி வைத்தேன். அவர் இப்போது வேறு இடத்தில் மெர்ச்சண்டைசர்.

மார்ச் 5, புதன்

அக்கா போன் செய்தார். “உன் பேரை எடுத்துட்டு என் பேரைப் போட்டாலும் இது பொருந்துமே. நீ கண்டுபிடிச்ச தப்பு ஒண்ணு சொல்லு” என்றார். கழுத்து ரிப், அதாவது கழுத்துப் பட்டிக்குத் தைக்கும் இழுபடும் துணி, அதன் விஷயத்தைச் சொன்னேன். “அதை எழுது. முதல்ல தமிழ்லயே எழுது.”

மார்ச் 8, சனி

எழுதினேன். உடம்புக்கு சிங்கிள் ஜெர்சி என்ற மெல்லிய பின்னல் துணி, கழுத்துக்கு ரிப். இரண்டும் தனித்தனி லாட்டாகச் சாயம் போய் வந்தவை. லைட் பாக்ஸில், வெவ்வேறு விளக்கில் நிறம் பார்க்கும் பெட்டியில், டி65 வெளிச்சத்தில், அதாவது பகல் வெளிச்சத்தில், நிறம் ஒன்றாகத்தான் இருந்தது. டிஎல்84-க்கு மாற்றினால் ரிப் மட்டும் செம்மை தட்டியது. அது ஐரோப்பியக் கடை விளக்குக்கான வெளிச்சம். ஆர்டர் கொடுத்த பையர் துணியை விற்கப் போவது அங்கேதான். கட்டிங்குக்குப் போகும் முன்பே நிறுத்தச் சொன்னேன். ரிப்பைத் திரும்பச் சாயத்துக்கு அனுப்பினார்கள். ஷிப்மெண்ட் தேதி தள்ளிப்போகவில்லை.

முதலில் ஒரு பக்கம் வந்தது. ஜி.எஸ்.எம். என்ற துணி எடையைப் பார்த்தது, ஊசி உடைந்த கோடு பிடித்தது என்று எல்லாவற்றையும் போட்டிருந்தேன். ரெஸ்யூமில் இருப்பதையெல்லாம் எடுத்துவிட்டேன். ரிப் மட்டும் நின்றது, நான்கு வரி.

மார்ச் 9, ஞாயிறு

ஆங்கிலத்துக்கு மாற்றினேன். தமிழில் தெளிவாக இருந்ததால் சிரமம் இல்லை. அப்புறம் வேலை விளம்பரத்தை மறுபடி படித்தேன். சாம்பிள் ஃபாலோ-அப், பையருக்கு மெயில் எழுதுவது, இந்த இரண்டும்தான் அவர்கள் கேட்பது. அன்று பையருக்கு மெயில் போட்டது நான் இல்லை. அதோடு போன ரிப்போர்ட்தான் என்னுடையது. அதை அப்படியே எழுதினேன். கூட்டிச் சொல்ல மனம் வரவில்லை, நேரில் கேட்டால் தெரிந்துவிடும். மொத்தம் மூன்று பத்தி. தனி ஃபைலாக இணைக்காமல் மெயிலிலேயே எழுதி, ரெஸ்யூமை மட்டும் இணைத்து அனுப்பினேன்.

மார்ச் 14, வெள்ளி

மதியம் அந்தக் கம்பெனியிலிருந்து ஒருவர் போன் செய்தார். எடுத்ததும் அவர் கேட்டது, “அந்த ரிப் திரும்பி வர எத்தனை நாள் ஆச்சு?” இரண்டு நாள் என்றேன். செவ்வாய்க்கிழமை நேரில் வரச் சொன்னார். அன்று வெட்டி வைத்த இரண்டு துணித் துண்டும் இன்னும் என் நோட்டில் ஒட்டியபடி இருக்கின்றன. எடுத்துப் போகிறேன்.