மொட்டை மாடியில் ஓர் எட்டு

வருஷா வருஷம் மார்ச்சில் நடக்கும், ஐஸில் வழுக்கி ஆடுகிற உலக ஃபிகர் ஸ்கேட்டிங் சாம்பியன்ஷிப்பை ஆறேழு வருஷமாகப் போனில் பார்த்து வருகிறேன். மதுரையில் பிறந்து வளர்ந்தவளுக்கு ஜிகர்தண்டாக் கடையைத் தாண்டி ஐஸோடு என்ன உறவு இருக்க முடியும்? ஆனாலும் அந்தப் பைத்தியம் பிடித்துவிட்டது. போன வருஷம் இருநூறு பக்க நோட்டு ஒன்று வாங்கி, ஆண்டுக்கு ஒரு பக்கம் என்று அந்தப் போட்டியின் கதையை எழுத ஆரம்பித்தேன். எங்கே நடந்தது, யார் ஜெயித்தார்கள், அந்த வருஷம் என்ன விசேஷம். அவ்வளவுதான் திட்டம்.

முதல் பக்கத்திலேயே மாட்டிக்கொண்டேன். 1896, செயின்ட் பீட்டர்ஸ்பர்க். கலந்துகொண்டவர்கள் மொத்தம் நான்கே பேர், நான்கு பேரும் ஆண்கள். ஜெயித்தவர் ஜெர்மனியின் கில்பர்ட் ஃபுக்ஸ்; பின்னாளில் மரப்பட்டை வண்டுகளை ஆராய்ந்த மனிதர். நான்கு பேர் வந்ததற்கு உலகப் போட்டி என்று பெயரா என்று சிரிப்பு வந்தது. எங்கள் தெருப் பொங்கல் கோலப் போட்டிக்கே முப்பது பேர் வருவார்கள். அப்புறம் அந்த நாலு பேரும் அங்கே என்ன செய்தார்கள் என்று தேடிப் படித்தேன். குதிப்பதும் சுழல்வதும் இல்லை முக்கியம். ஒற்றைக் காலில் வழுக்கிக்கொண்டே ஐஸில் வட்டம், எட்டு, வளையம் என்று கோடு போடுவதுதான் அந்தக் காலத்தில் பெரிய வித்தை. 'ஃபிகர்' என்ற பெயரே அந்தக் கோடுகளுக்குத்தான். (நம்மூர் காலேஜ் பையன்கள் சொல்கிற ஃபிகர் வேறு. இதைச் சொன்னபோது என் மகன் சிரித்த சிரிப்பு இன்னும் நிற்கவில்லை.)

பிற்காலத்தில் இந்த ஃபிகர்களை வரிசைப்படுத்தி 41 என்று பட்டியலே வைத்திருந்தார்கள். ஒரு முறை வரைந்தால் போதாது. அதே கோட்டின் மேலேயே திரும்பத் திரும்பப் போக வேண்டும், கோடு தடிக்கக் கூடாது. முடிந்ததும் நடுவர்கள் ஐஸில் இறங்கி, குனிந்து, சில சமயம் மண்டியிட்டு, கோட்டைப் பார்த்து மார்க் போடுவார்கள். இதைப் படித்ததும் எனக்குக் கை பரபரத்தது. முப்பது வருஷமாக வாசலில் சிக்குக் கோலம் போடுகிறவள் நான். கையால் போடுகிற கோட்டைக் காலால் போட முடியாதா?

மகன் ஸ்கேட்டிங் வகுப்பை விட்டு ஒரு வருஷமாகிறது. அவனுடைய நாலு சக்கர ஸ்கேட் பரணில் கிடந்தது. நீளத்தைக் கூட்டிக் குறைக்கிற வகை. கடைசிவரை இழுத்தால் என் காலுக்குப் பொருந்தியது.

ஏப்ரல் முதல் வாரம்

முதலில் நிற்கவே நாலு நாள் ஆனது. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. இரண்டு முழங்கையிலும் பிளாஸ்திரி.

அளவு: வட்டத்தின் குறுக்களவு ஆளின் உயரத்தைப் போல் மூன்று மடங்கு இருக்க வேண்டும் என்பது ஐஸில் உள்ள கணக்கு. நான் ஐந்தடி. அப்படியானால் ஒரு வட்டம் 15 அடி, எட்டுக்கு 30 அடி வேண்டும். எங்கள் மாடியில் தண்ணீர்த் தொட்டி போக மிஞ்சுவது 26 அடி. வட்டத்தை 12 அடியாகக் குறைத்துக்கொண்டேன். மகன் நடுப்புள்ளியில் கயிற்று நுனியைக் கட்டைவிரலால் மிதித்துக்கொள்ள, மறுநுனியில் சாக்பீஸ் கட்டி நான் சுற்றிவந்தேன். வட்டம் அழகாக வந்தது. அதன் மேல் போனதுதான் அழகாக இல்லை.

நைட்டியோடு ஏறியது இன்னொரு தப்பு. விளிம்பு சக்கரத்தில் மாட்டி உட்கார்ந்த இடத்திலேயே விழுந்தேன். அன்றைக்கு எழுதிய பக்கம் 1902 என்பது தற்செயல்தான். அந்த வருஷம் லண்டனில் நடந்த போட்டிக்கு மேட்ஜ் சையர்ஸ் என்ற பெண் பெயர் கொடுத்தார். பெண்கள் வரக்கூடாது என்று விதியில் எங்கும் எழுதவில்லை. எழுதத் தோன்றவில்லை என்பதே உண்மை. வந்தவர் ஆண்களோடு மோதி இரண்டாவது இடம் பிடித்தார். முதலிடம் சுவீடனின் உல்ரிக் சால்கோவுக்கு. அடுத்த வருஷமே பெண்களுக்குத் தடை போட்டார்கள். சொன்ன காரணங்களில் ஒன்று, நீளப் பாவாடை காலை மறைப்பதால் நடுவருக்குப் பாதம் தெரியவில்லை என்பது. இன்னொன்று, நடுவர் தனக்கு வேண்டிய பெண்ணுக்கே மார்க் போட்டுவிடுவாராம்! நடுவரின் நேர்மை மேல் சந்தேகம் என்றால் தடுக்க வேண்டியது நடுவரை அல்லவா? 1906-இல் டாவோஸில் பெண்களுக்குத் தனிப் போட்டி வைத்தார்கள். அதிலும் அடுத்த வருஷமும் ஜெயித்தவர் அதே மேட்ஜ் சையர்ஸ். 1908-இல் ஜோடிப் போட்டியும் சேர்ந்துகொண்டது.

நான் சுடிதாருக்கு மாறிக்கொண்டேன்.

சித்திரை வாரம்

எதிர்சேவைக்கும் அழகர் ஆற்றில் இறங்குவதற்கும் ஊரிலிருந்து பதினோரு பேர் வந்து தங்கினார்கள். மாடி முழுக்கப் பாய். ஸ்கேட் பரணுக்கே திரும்பிப் போனது.

நோட்டில் மட்டும் வேலை நடந்தது. சால்கோ மொத்தம் பத்துப் பட்டம், கடைசி 1911-இல். பெண்களில் நார்வேயின் சோனியா ஹெனி 1927 முதல் 1936 வரை தொடர்ந்து பத்து. போட்டியே நடக்காத வருஷங்களுக்கும் பக்கம் விட்டிருக்கிறேன். முதல் உலகப் போரால் 1915 முதல் 1921 வரை ஏழு, இரண்டாம் போரால் 1940 முதல் 1946 வரை இன்னொரு ஏழு. கொரோனா வருஷத்துக்கு ஒன்று, 2020.

1961-க்கும் ஒன்று. பிராக் நகரில் நடக்க வேண்டிய போட்டி. பிப்ரவரி 15 அன்று அமெரிக்க அணி போன சபேனா விமானம் பிரஸ்ஸல்ஸ் அருகே விழுந்து, உள்ளே இருந்த 72 பேரும் இறந்தார்கள். அதில் வீரர்கள் மட்டும் 18 பேர். ஒன்பது முறை அமெரிக்கப் பட்டம் வென்றிருந்த மேரிபெல் வின்சன் ஓவன் பயிற்சியாளராகப் போயிருந்தார். அவரோடு இரண்டு மகள்களும். சின்ன மகள் லாரன்ஸுக்கு 16 வயது. அந்த வருஷப் போட்டியையே ரத்து செய்துவிட்டார்கள். அந்தப் பக்கத்தில் தேதியை மட்டும் எழுதி விட்டுவிட்டேன்.

மே

இனிதான் உண்மையான சிக்கல். ஐஸில் கத்தி கீறிய கோடு தெரியும். சிமெண்டில் சக்கரம் போன தடம் தெரியாது. தடம் இல்லாமல் எப்படித் திருத்துவது?

முதலில் கோலமாவைச் சலித்து மெல்லிசாகத் தூவி அதன் மேல் போனேன். சக்கரம் வழுக்கி, இடுப்பில் அடி. இரண்டு நாள் தைலம். அடுத்து, ஈரத்துணியில் சக்கரத்தை உருட்டிவிட்டுப் போனேன். தடம் நன்றாக விழுந்தது. ஆனால் மதுரை மே மாசம்! ஒரு சுற்று முடித்துத் திரும்பிப் பார்ப்பதற்குள் தொடங்கிய இடம் காய்ந்துவிட்டது. காலை ஐந்தரைக்குப் போனால் கொஞ்சம் நின்றது. "பேரிங்குல தண்ணி போச்சுன்னா துருப்பிடிச்சிரும்மா" என்று மகன் கத்தியதால் அதையும் விட்டேன்.

ஐஸில் அசல் கோடு எப்படி இருக்கும் என்று பார்க்கும் ஆசையில் ஜூஸ் கடைக்குப் போடுகிறவரிடம் அரை ஐஸ் பார் வாங்கி வந்ததும் இந்த வாரம்தான். ஸ்கேட் கத்தியின் அடிப்பக்கம் நடுவில் லேசாகக் குழிந்திருக்கும். இரண்டு ஓரமும்தான் கூர். அதனால் சாய்ந்து போனால் ஒரு கோடு, நிமிர்ந்து போனால் இரட்டைக் கோடு. இரட்டைக் கோடு விழுந்தால் நடுவர் மார்க்கைக் குறைப்பார். என்னிடம் இருந்ததோ அரிவாள்மனை. அதன் முனையால் கீறியதும் வெள்ளையாக ஒரு கோடு, ஓரத்தில் மாவு போல் பனித்தூள். பார்க்க அவ்வளவு அழகு. ஐந்து நிமிஷத்தில் கோடு மழுங்கி, கால் மணி நேரத்தில் மாடியெல்லாம் தண்ணீர். 1967-இல் வியன்னாவில் திறந்தவெளியில் நடந்த உலகப் போட்டியில் மழை பெய்து கெடுத்ததும், அதன்பிறகு கூரைக்குக் கீழேதான் நடத்த வேண்டும் என்று முடிவானதும் அப்போது நன்றாகவே புரிந்தது.

கடைசியில் கைகொடுத்தது தையல் சாக்பீஸ். சக்கரங்களின் வெளி ஓரத்தில் மட்டும் அழுத்தித் தேய்த்துவிட்டுப் போனால் அரை வட்டம்வரை நீலத் தடம் விழுகிறது. இன்னொரு விஷயமும் அப்போது பிடிபட்டது. சக்கர அச்சுக்கு மேல் ஒரு ரப்பர் இருக்கிறது. அதை இறுக்கும் நட்டை ஸ்பேனரால் தளர்த்தினால்தான் சாய்ந்த பக்கம் ஸ்கேட் தானாக வளையும். நான் அதுவரை காலை முறுக்கி முறுக்கி வட்டம் போட்டுக்கொண்டிருந்தேன்! வலது காலுக்கு ஒரு சுற்றுத் தளர்த்தியதும் உடம்பைச் சாய்த்தாலே போதும் என்றானது. வட்டத்தைக் கால் போடுவதில்லை, இடுப்புதான் போடுகிறது.

இந்தச் சமயத்தில் நோட்டு 1970-களுக்கு வந்திருந்தது. அறுபதுகளின் கடைசி வரை மொத்த மதிப்பெண்ணில் 60 சதவீதம் இந்தக் கோடுகளுக்கே போனது. ஆஸ்திரியாவின் டிரிக்சி ஷூபா கோடு போடுவதில் அசகாயசூரி. 1971, 72 இரண்டு வருஷமும் உலகப் பட்டம் அவருக்குத்தான். 1972 சப்போரோ ஒலிம்பிக்கில் இசைக்கு ஆடுகிற சுற்றில் ஏழாவது, ஆனாலும் தங்கம். டிவியில் ஆட்டத்தை மட்டும் பார்த்த ஜனங்களுக்கு இது எப்படி விளங்கும்? 1973-இல் இசைக்கு ஆடுவதிலேயே குறுஞ்சுற்று என்று சின்ன ஆட்டம் ஒன்றைப் புதிதாகச் சேர்த்து, கோட்டின் பங்கை 40 ஆக்கினார்கள். பிறகு அது தேய்ந்துகொண்டே வந்து, 1990 ஹாலிஃபாக்ஸ் போட்டியோடு நின்றது. கடைசியாக வரைந்தவர் யுகோஸ்லாவியாவின் ஷெல்கா சிஷ்மெஷியா. அதே போட்டியில் ஜப்பானின் மிடோரி இதோ கோட்டில் பத்தாவது. குறுஞ்சுற்று, நெடுஞ்சுற்று இரண்டிலும் முதலிடம் வந்தும் வெள்ளிதான் கிடைத்தது. தங்கம் அமெரிக்காவின் ஜில் டிரெனரிக்கு.

மே மாசத்துக்கு முன்னால் இதை எழுதியிருந்தால், பாவம் மிடோரி, அநியாயம் என்று எழுதியிருப்பேன். அவர் முந்தைய வருஷம் பாரிஸில் ஆக்சல் என்ற தாவலை மூன்றரைச் சுற்றுக் குதித்துப் பட்டம் வாங்கியவர். அதை யார் மறுப்பார்கள்? ஆனால் ஒரு மாசம் இடுப்பொடிய ஒரே வட்டத்தைச் சுற்றியவளுக்கு, டிரெனரியின் கோட்டையும் ஒருமுறை பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. அந்த வருஷப் பக்கத்தில் இரண்டு பேர் பெயரையும் ஒரே அளவு எழுத்தில் எழுதியிருக்கிறேன்.

ஜூன், நேற்று

ஒரே உந்தில் வலது கால் வட்டத்தை முதன்முறையாக முழுசாகச் சுற்றி, இரண்டு வட்டமும் தொடுகிற இடத்துக்கு வந்து சேர்ந்தேன். அங்கே கால் மாற்றி இடது வட்டம். முக்கால் வரை வந்து நின்றுவிட்டது. சரி, மிச்சத்தைத் தள்ளிக்கொண்டு முடித்தேன். எட்டு மாதிரி ஒன்று விழுந்திருந்தது.

வடகம் காயப்போட வந்த அத்தை கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். அப்படியே குத்துக்கால் வைத்து உட்கார்ந்து, விரலால் தடத்தைத் தொட்டுக்கொண்டே போனார்.

"இங்கன கோடு நெளிஞ்சிருக்கு பாரு. அங்கிட்டு இருக்குறது வட்டமாத்தா, பூசணிக்காயில்ல?"

"கால்ல போட்டது அத்தை."

"கால்ல போட்டா என்ன, ரெண்டும் ஒண்ணு போல இருக்க வேணாமா?"

என் கையிலிருந்த சாக்பீஸை வாங்கி, எழுந்திருக்காமலே நகர்ந்து நகர்ந்து, பூசணிக்காய்க்கு மேல் சரியான வட்டம் ஒன்றைப் போட்டுவிட்டு வடகத்தைப் பார்க்கப் போய்விட்டார். அதை அழிக்காமல் வைத்திருக்கிறேன். நாளைக் காலை இடது ஸ்கேட்டின் நட்டையும் அரைச் சுற்றுத் தளர்த்திவிட்டு அதன் மேல் போய்ப் பார்க்க வேண்டும்.