விளையாடாத கிழமையில் திரும்பிய ஈகிள்ஸ்

வன்னியில் காலபோகத்துக்கு வயலை உழத் தொடங்கும் செப்டெம்பரில் ஆரம்பித்து, அரிவுவெட்டு நடக்கும் பெப்ரவரியில் முடிகிறது அமெரிக்கன் புட்போல் பருவம். 18 கிழமைகளில் ஒரு அணிக்கு 17 ஆட்டம், ஒரு கிழமை ஓய்வு. அதன் பிறகு, தோற்றால் வெளியேறும் பிளே-ஓஃப். 2024 பருவத்தில் பிலடெல்பியா ஈகிள்ஸ் கிண்ணம் வென்றதென்றால் எல்லோரும் பந்தை ஏந்தி ஓடும் சாகுவான் பார்க்லியின் ஓட்டத்தைத்தான் பேசுகிறார்கள். ஆனால் அந்தப் பருவம் திரும்பியது 5ஆம் கிழமையில், அவர்கள் ஓய்விலிருந்த கிழமையில்.

அதற்கு முன் நாலு ஆட்டத்தில் இரண்டு வெற்றி, இரண்டு தோல்வி. அட்லாண்டாவிடம் 21-22 என்று தோற்றதைக் கட்டாயம் பார்க்கவேண்டும். நாலு முயற்சிக்குள் 10 யார்ட் முன்னேறினால் புதிதாக நாலு முயற்சி கிடைக்கும். ஈகிள்ஸ் 18-15 என்று முன்னிலையில், மூன்றாவது முயற்சி, தேவை 3 யார்ட், எதிரணியிடம் கடிகாரத்தை நிறுத்தும் டைம்-அவுட் எதுவும் மிச்சமில்லை. பார்க்லியின் கைக்கு வந்த பந்து நழுவி நிலத்தில் விழுந்தது. பிடித்திருந்தால் நேரத்தை ஓடவிட்டே ஆட்டத்தை முடித்திருக்கலாம். பந்து நிலத்தில் பட்டதால் கடிகாரம் நின்றது, பந்தை உதைத்து 3 புள்ளி மட்டும் எடுக்க முடிந்தது. அந்த மிச்ச நேரத்துக்குள் அட்லாண்டா பந்தை எல்லைக்கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய் டச்டவுன் போட்டு முந்திவிட்டது. பந்தை எறியும் குவார்ட்டர்பெக் ஜேலன் ஹேர்ட்ஸ் இந்த நாலு ஆட்டத்தில் மட்டும் நாலு இன்டர்செப்சன், அதாவது எதிரணி பறித்த எறிவு, கொடுத்திருந்தார்.

ஓய்வுக்குப் பிறகு எறிவைக் குறைத்தார்கள், பார்க்லியிடம் பந்தைக் கூடுதலாகக் கொடுத்தார்கள். பிளே-ஓஃபுக்கு முன் மிச்சமிருந்த ஆட்டங்கள் முழுவதற்கும் ஹேர்ட்ஸ் கொடுத்த இன்டர்செப்சன் ஒன்றே ஒன்று. தற்காப்பில், நடுப்பக்கமாக ஓடி எறிவைப் பிடிப்பவரை மறிக்கும் இடத்துக்குப் புதுமுகம் கூப்பர் டிஜீன் வந்தார். தொடர்ந்து 10 வெற்றி. 14-3 என்று பருவம் முடிந்தது.

அந்தப் பருவத்தில் பார்க்லி ஓடிய 2,005 யார்டில், எதிரணியை மறித்து வழி திறக்கும் முன்வரிசைக்குப் பெரிய பங்குண்டு. இடது ஓரத்தில் நின்ற ஜோர்டன் மைலாட்டா அவுஸ்திரேலியாவில் ரக்பி லீக் விளையாடியவர், சுமார் 165 கிலோ எடை. எரிக் டிக்கர்சன் 1984இல் வைத்த 2,105 யார்ட் சாதனை எட்டும் தூரத்தில் இருந்தும், பிளே-ஓஃபுக்கு முந்திய கடைசி ஆட்டத்தில் பார்க்லியை இறக்கவில்லை. மிகச் சரியான முடிவு. அதற்குப் பிறகு வந்த நாலு பிளே-ஓஃப் ஆட்டங்களில் அவர் 499 யார்ட் ஓடினார்.

இறுதி ஆட்டத்தில் கன்சாஸ் சிட்டியை 40-22 என்று வென்ற விதத்தைக் கிளித்தட்டு விளையாடிய எவரும் உடனே விளங்கிக்கொள்வார்கள். மறிக்கிறவர் தன் கோட்டை விட்டுப் பாய்ந்தால் பின்னால் வழி திறந்துவிடும். இங்கே வழக்கமாக நாலு பேர் குவார்ட்டர்பெக்கை நோக்கிப் பாய்வார்கள். ஐந்தாவது ஆளையும் அனுப்பினால் அது பிளிட்ஸ்: எறிகிறவருக்கு நேரம் குறையும், ஆனால் பின்னால் ஓரிடம் வெறுமையாகும், கன்சாஸ் சிட்டியின் குவார்ட்டர்பெக் மஹோம்ஸ் போன்றவர் அங்கேதான் எறிவார். தற்காப்புப் பயிற்றுநர் விக் ஃபான்ஜியோ ஆட்டம் முழுக்க ஒரு பிளிட்ஸ்கூட அனுப்பவில்லை. நாலு பேரே மஹோம்ஸை ஆறு தரம் விழுத்தினார்கள், மற்ற ஏழு பேரும் தங்கள் இடத்தை விட்டு அசையவில்லை. டிஜீன் ஒரு எறிவைப் பறித்து 38 யார்ட் ஓடி டச்டவுன் போட்டார். அன்று அவருக்கு 22ஆவது பிறந்தநாள். இடைவேளையில் 24-0.

இலங்கையிலிருந்து நேரடியாகப் பார்க்க விரும்புவோர் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிலடெல்பியாவில் ஞாயிறு பகல் 1 மணி ஆட்டம் எங்களுக்கு இரவு 10.30. பின்னேரம் 4.25 ஆட்டம் விடிந்தால் திங்கள், அதிகாலை 1.55. இரவு 8.20 ஆட்டம் திங்கள் காலை 5.50. நவம்பர் முதல் ஞாயிறு அங்கே கடிகாரத்தை மாற்றுவதால், அன்றிலிருந்து எல்லாவற்றுக்கும் ஒரு மணித்தியாலம் கூட்டவேண்டும்.