இரவு 1

மட்டக்களப்பு மண்டூரில் வாவி கடக்கும் படகுப்பாதை ஏறி, குருமண்வெளியில் இறங்கி, பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்வர அரை நாள் போய்விடும். ஒரே வாரத்தில் இரண்டு தரம் போனோம். முதல் தரம் வீண்.

அம்மம்மாவுக்கு 78 வயது. சீனிக்கும் பிரஷருக்கும் மாதாமாதம் கிளினிக். அதில் ஒரு கரைச்சலும் இல்லை. திடீரென்று இரவில் எழும்பி, செத்துப்போன அம்மப்பாவைக் கூப்பிடத் தொடங்கினார். வாய் காய்ந்து வரண்டது, மூத்திரம் சொட்டுச் சொட்டாக. "வயசு போனா அப்பிடித்தான்" என்றது அயல். நாங்களும் நம்பினோம், குசினி வாசலில் தலைசுற்றி விழும்வரை.

கிளினிக் கொப்பியைப் பார்த்த டொக்டர், "வேற என்ன குளிசை போடுறா?" என்றார். மூட்டுவலிக்கும் நித்திரைக்கும் தனியாரில் எடுத்தவை. அம்மம்மா முந்தானையில் முடிந்துவந்த என்வலப்பில் "இரவு 1" என்று மட்டும் இருந்தது. மருந்தின் பெயர் இல்லை. தந்த இடத்துக்குப் போன் எடுத்தால், "மருந்துத் துண்டு இல்லாம சொல்ல ஏலாது." அந்தத் துண்டை வாங்கி வைத்துக்கொண்டதே அவர்கள்தான்!

நேரில் போய்ச் சண்டைபிடித்துத்தான் பெயர்களை எழுதி வாங்கினேன். அடுத்த தரம் அலுமாரி, தலையணைக்கடி எல்லாம் துழாவி, ஒரு சொப்பின் பை நிறையக் கொண்டுபோய் மேசையில் கொட்டினேன்.

பிரஷர் குளிசை லொசாட்டன் இரண்டு! கிளினிக்கில் ஒன்று, தனியாரில் வேறு கம்பனிப் பெயரில் இன்னொன்று. வலிக்கு டைக்குளோபினாக், பிரஷர் குளிசையோடும் மூத்திரம் போகிற குளிசையோடும் அது சேர்ந்தால் சிறுநீரகம் பழுதாகலாமாம். நித்திரைக்குத் தந்த அந்த "இரவு 1" அமிட்ரிப்டிலின். தடிமனுக்கென்று நானே பார்மசியில் வாங்கிக் கொடுத்தது குளோர்பெனிரமின். பிந்திய இரண்டும் வயதானவர்களுக்கு வாயைக் காயவைத்து, மூத்திரத்தை அடைத்து, புத்தியையும் குழப்பும். முதியவர்களுக்குத் தவிர்க்கவேண்டிய மருந்துகளுக்கு 1991 இல் தொடங்கிய பியர்ஸ் பட்டியல் என்று ஒன்று உண்டு. இரண்டும் அதில் இருக்கின்றன. எனக்கு முகத்தைத் தூக்க முடியவில்லை.

நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள். நித்திரைக் குளிசையைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்கச் சொன்னார் டொக்டர். அப்புறம், என்வலப்பில் மருந்தின் பெயரை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

இப்போது இரவில் யாரையும் கூப்பிடுவதில்லை. பாதிக் குளிசையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு என்னிடம்தான் கேட்கிறார்: "மத்தப் பாதி எங்க மனே?"