திரைப்படம், நாடகம்: தேர்வில் விமர்சனம் எழுதும்போது எங்கே சறுக்குகிறோம்?

விமர்சனக் கேள்வியில் மதிப்பெண் கரைவது பெரும்பாலும் கதைச்சுருக்கத்தில்தான். 800 சொற்களில் எழுதச் சொன்னால் 500 சொற்களுக்குக் கதையே ஓடும். மிச்ச இடத்தில் ‘நடிப்பு அருமை, ஒளிப்பதிவு கண்ணுக்கு விருந்து’ என்று முடிந்துவிடும். கதைக்கு 100 சொற்கள் போதும்: யார், எங்கே, என்ன சிக்கல். முடிவைச் சொல்லலாமா என்று பலர் தயங்குகிறார்கள். இதழுக்கு எழுதுவதுபோல் எழுதச் சொல்லியிருந்தால் மறைத்துவிடுங்கள். மற்றபடி தயக்கம் வேண்டாம். வாதத்துக்கு வலுவான சான்று கடைசிக் காட்சியிலேயே இருக்கலாம்.

படமென்றால் இரண்டு தடவை பாருங்கள். முதல் தடவை பேனாவைத் தொடாதீர்கள். முடிந்ததும் மனதில் நிற்கும் 3 காட்சிகளை மட்டும் எழுதிவையுங்கள். அடுத்த தடவை அந்த மூன்றையும் நிறுத்தி நிறுத்திப் பார்த்து, அவை படத்தில் வரும் நிமிடத்தோடு குறியுங்கள். ஷாட் (வெட்டில்லாமல் ஓடும் ஒரு துண்டு) எத்தனை விநாடி நிற்கிறது, கேமரா நகர்கிறதா, இசை எங்கே நுழைந்து எங்கே நிற்கிறது என்பவைதான் பின்னால் உதவும்.

மேடை நிகழ்வில் திருப்பிப் பார்க்க வழியில்லை. இருட்டில் எழுத வேண்டும். கைபேசி வெளிச்சம் கூடாது. சிறிய நோட்டு, பெரிய எழுத்து, காட்சிக்கு ஒரு பக்கம். ‘நீல விளக்கு, தாய் முதுகு காட்டி, நீண்ட மௌனம்’ என்ற அளவு போதும். அன்றிரவே அதை விரித்து எழுதிவிட வேண்டும். மறுநாள் எடுத்தால் கையெழுத்து புரியாது. புரிந்தாலும் எதற்காகக் குறித்தோம் என்பது மறந்திருக்கும். உட்கார்ந்த இடத்தையும் குறியுங்கள். ஓர இருக்கையிலிருந்து ஒரு நடிகரின் முகம் தெரியவில்லை என்றால், அது இயக்கத்தின் குறையா, இருக்கையின் குறையா என்று பிறகு யோசிக்க வேண்டியிருக்கும்.

இனி எழுத்து. ‘மகனாக நடித்தவர் கோபத்தைச் சிறப்பாக வெளிப்படுத்தினார்’ என்ற வாக்கியம் படத்தைப் பார்க்காமலே எழுதக்கூடியது. இதை வைத்துப் பாருங்கள்: ‘தந்தை பேசி முடிக்கும்வரை மகன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே நிற்கிறான். பதில் சொல்லும்போது குரல் உயரவில்லை, தாழ்கிறது. இது இன்று பிறந்த கோபமல்ல என்பது வசனமில்லாமலே தெரிகிறது.’ கண்ணில் பட்டது, அதைச் செய்த விதம், பார்ப்பவரிடம் விளைந்தது ஆகிய மூன்றும் இதில் இருக்கின்றன. மாணவர்கள் பெரும்பாலும் விடுவது மூன்றாவதை. ‘மேடையில் சிவப்பு விளக்கு பயன்படுத்தப்பட்டது’ என்பது வெறும் பட்டியல். அந்தச் சிவப்பு எதைச் செய்தது என்று சொல்லும்போதுதான் அது விமர்சனம் ஆகிறது.

இதைவிட நுட்பமான தவறு, பாராட்டை ஆள் மாற்றிக் கொடுப்பது. சோவியத் இயக்குநர் லெவ் குலெஷோவ் செய்து காட்டிய சோதனை படத்தொகுப்புப் பாடத்தில் வரும்: நடிகரின் அதே முகத்தைக் கிண்ணத்துச் சூப்போடு சேர்த்தால் பசி தெரிகிறது, சவப்பெட்டியோடு சேர்த்தால் துயரம் தெரிகிறது. முகம் மாறவே இல்லை. ஆகவே திரையில் ஒரு உணர்ச்சி பிடித்துப்போனால், அதைத் தந்தது நடிகரா, அடுத்த ஷாட்டா, பின்னணி இசையா என்று பாருங்கள். ஒலியை நிறுத்திவிட்டு ஒருமுறை ஓடவிட்டால் இசையின் பங்கு தெரிந்துவிடும். டப்பிங்கில் குரல் வேறொருவருடையதாகவும் இருக்கலாம். மேடையில் குளோசப் இல்லை. பார்வையைத் திருப்புவது ஒளியும், நடிகர் நிற்கும் இடமும், மற்றவர்கள் அசையாமல் இருப்பதும்தான். ஆகவே நாடகத்தைச் சினிமாச் சொற்களில் எழுதினால் அப்போதே பிசகுகிறது.

காலமும் கவனிக்க வேண்டியது. படத்தை நிகழ்காலத்தில் எழுதலாம்; எப்போது போட்டாலும் அதே படம். நாடகம் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் வேறு. அதனால் இறந்தகாலம், கூடவே பார்த்த தேதியும் அரங்கும்.

குறை சொல்ல அஞ்ச வேண்டாம். ஆனால் படைப்பு எதைச் செய்ய முயன்றதோ அதை வைத்து அளக்க வேண்டும். சிரிக்கவைக்க வந்த நாடகத்தில் ஆழமில்லை என்பது நியாயமில்லை. சிரிப்பு வரவேண்டிய இடத்தில் வசன இடைவெளி பிசகியது என்பது நியாயம்.

45 நிமிடக் கேள்விக்கு 7 நிமிடம் திட்டத்துக்கு. மையக் கருத்தை ஒரே வாக்கியத்தில் எழுதி, அதற்குச் சான்றாக 3 தருணங்களைத் தேர்ந்தெடுங்கள். நான்காவது எவ்வளவு ஆசை காட்டினாலும் விட்டுவிடுங்கள். 33 நிமிடம் எழுத. கடைசி 5 நிமிடத்தில் ‘அருமை’, ‘பிரமாதம்’, ‘மனதைத் தொட்டது’ எங்கெல்லாம் வந்திருக்கிறது என்று தேடுங்கள். அடுத்த வாக்கியத்தில் காரணம் இருந்தால் இருக்கட்டும், இல்லையென்றால் அடித்துவிடுங்கள்.