ஒரு ரூபாய் வைஸ்

எங்கள் கம்பெனியின் சொத்துப் பதிவேட்டில் 212-ஆவது வரி இப்படி இருந்தது: ‘பெஞ்ச் வைஸ், 6 அங்குலம், 14 எண்ணம். புத்தக மதிப்பு ரூ. 14.’

ஆளுக்கு ஒரு ரூபாய். தேய்மானம் முழுக்கக் கழித்தாகிவிட்டது, ஆனாலும் சாமான் இன்னும் கொட்டகையில் கிடக்கிறது என்று சொல்வதற்காகக் கணக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு ரூபாய். பதினொரு வருஷம், ஒவ்வொரு மார்ச்சிலும் அந்த வரிக்கு நேராக டிக் போட்டிருக்கிறேன். இரும்புச் சாமானை இரண்டு தாடைக்கு நடுவே இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் அந்த வைஸ் எப்படி இருக்கும் என்று ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை. அக்கவுண்ட்ஸ் அறைக்கு ஏசி உண்டு, கொட்டகைக்குக் கிடையாது. அவ்வளவுதான் காரணம்.

2017-ல் கம்பெனியை மூடினார்கள். பெங்களூர் தொட்டநெக்குந்தியில் இப்போது அந்த இடத்தில் அபார்ட்மெண்ட் நிற்கிறது. மூடுவதற்கு முன்னால் பதிவேட்டில் உள்ளதெல்லாம் நிஜமாகவே இருக்கிறதா என்று நேரில் எண்ணிப் பார்க்க வேண்டும். பேனாவும் பைலுமாக என்னைக் கொட்டகைக்கு அனுப்பினார்கள். அங்கே கடைசியாக மிச்சமிருந்த ஃபிட்டர் ஒருவர். கோலார் தங்கவயல்காரர் என்பதால் எல்லாருக்கும் அவர் ‘தங்கவயலார்’. 2001 பிப்ரவரியில் சுரங்கத்தை மூடும்வரை அங்கே ஒர்க்‌ஷாப்பில் இருந்தவர். அப்புறம் பதினாறு வருஷம் மாரிகுப்பத்தில் விடியற்காலை ரயில் ஏறி, கிருஷ்ணராஜபுரத்தில் இறங்கி எங்கள் கம்பெனிக்கு வந்து போனவர். மூடுகிற இடத்துக்கெல்லாம் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

நான் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே போக, அவர் கேட்டார்: “மேடம், உங்க புஸ்தகத்துல தேய்மானம் எப்படிப் போடுவீங்க?”

“நேர்கோட்டு முறை. எல்லா வருஷத்துக்கும் ஒரே அளவு.”

“அப்படியா? இங்க வாங்க.”

ஒரு வைஸின் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி, முன்தாடையை முழுக்க வெளியே உருவி எடுத்தார். திருகுத்தண்டு அப்படியே கையில் வந்தது. சதுர மரை. கோயில் படிக்கட்டை ஒரு கம்பியில் சுற்றிவிட்ட மாதிரி. நுனிப் பக்கம் ஒவ்வொரு படியும் அகலமாக, விளிம்பு கூர்மையாக, கடைந்த அன்றைக்கு இருந்த மாதிரியே இருந்தது. கைப்பிடிப் பக்கம் வர வரப் படிகள் மெலிந்துகொண்டே வந்தன. ஓரிடத்தில் கத்தி முனை போல ஆகியிருந்தது.

வைஸை யாரும் முழுசாகத் திறந்து வேலை செய்வதில்லை. அரை அங்குலத் தகடு, ஒரு அங்குலக் கம்பி, மிஞ்சிப்போனால் இரண்டங்குலக் குழாய். தாடை கொஞ்சமாகத் திறந்திருக்கும்போது உள்ளே இருக்கிற நட்டைக் கவ்வுவது கைப்பிடிப் பக்கத்து மரைகள். முப்பது வருஷமும் அந்தச் சில படிகளே பாரம் சுமந்திருக்கின்றன. நுனிப்பக்கத்து மரைகள் சம்பளம் வாங்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தவை. நட்டின் பாடு இன்னும் பாவம். எந்த அளவில் திறந்தாலும் அதற்கு விடுதலை இல்லை.

தேய்மானம் என்ற சொல்லை அதற்கு முன் எத்தனை ஆயிரம் தரம் எழுதியிருப்பேன்! ஏதோ ஒன்று தேய்கிறது என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

பதினான்கையும் பழைய இரும்புக்காரர் ஒருவர் மொத்தமாக எடைக்கு எடுத்தார். கேட்டில் நின்று அவரிடமே ஒன்றை வாங்கினேன். 1,200 ரூபாய். ரசீதும் கேட்டு வாங்கினேன். பழக்கம். எதை எடுப்பது என்று தங்கவயலார்தான் பொறுக்கித் தந்தார். கைப்பிடியை முன்னும் பின்னும் ஆட்டும்போது, தாடை நகராமல் எவ்வளவு தூரம் சும்மா சுற்றுகிறது என்று பார்க்க வேண்டும். கால் சுற்று வரை மன்னிக்கலாம். அரைச் சுற்று என்றால் நட்டு போயே போச்சு. பதினான்கில் மூன்றுதான் தேறின.

அல்சூரில் எங்கள் வீடு தரைத்தளம். ஆட்டோவிலிருந்து இரண்டு பேர் பிடித்து இறக்கினோம். மாமியார் வெற்றிலையை மென்றுகொண்டே சுற்றி வந்து பார்த்தார். “அம்மி மாதிரி கனமா இருக்கே. ஏதாவது அரைக்கலாமா இதுல?”

அந்த முதல் வைஸை நான் கெடுத்தேன். அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். யூடியூபில் பார்த்துவிட்டு ஆங்கிள் கிரைண்டரும் துரு தேய்க்க அதில் மாட்டும் கம்பிக் கிண்ணமும் வாடகைக்கு எடுத்து, ஒரே ஞாயிற்றுக்கிழமையில் பளபளவென்று ஆக்கினேன். கம்பிக் கிண்ணத்துக்கு மசியாத இடத்தில் சாணைச் சக்கரத்தை மாட்டினேன். பக்கவாட்டில் வார்ப்பிலேயே எழும்பியிருந்த எழுத்துகள் பாதி போயின. தாடைத் தகட்டில் குறுக்கும் நெடுக்குமாக வெட்டியிருக்கும் பற்களைத் துரு என்று நினைத்துத் தேய்த்துவிட்டேன். மேலே பச்சை எனாமல் இரண்டு கோட். போட்டோ எடுத்துத் தங்கவயலாருக்கு வாட்ஸப் அனுப்பினேன். உடனே போன் வந்தது.

“மொகத்தையே செரைச்சுட்டியேம்மா.”

கம்பெனி மூடிய பிறகு ‘மேடம்’ போய் ‘அம்மா’ ஆகியிருந்தது. பல் போன தாடை, இறுக்கினால் இரும்பைப் பிடிக்காது, வழுக்கும். கடினப்படுத்திய எஃகுத் தகடு அது. அரம் ஏறாது, நாமே பல் வெட்டவும் முடியாது. எஸ்.ஜே.பி. ரோட்டில் புதுத் தகடு தேடி வாங்கி, திருகுத் துளை பொருந்தாமல் மாற்றித் துளை போட்டு, 650 ரூபாய் தண்டம்.

இரண்டாவது வைஸில் ஏமாந்தேன். அவென்யூ ரோட்டுப் பக்கம் நடக்கும் ஞாயிற்றுக்கிழமை சந்தையில், நீல நிறத்தில் மின்னிக்கொண்டிருந்தது. 1,800. வீட்டுக்கு வந்து சுத்தியலால் லேசாகத் தட்டினால், மணி மாதிரி ‘ணங்’ என்று வர வேண்டியது, உடைந்த பானை மாதிரி ‘டொக்’ என்றது. தங்கவயலார் போனிலேயே வைத்தியம் சொன்னார். பெயிண்டைச் சுரண்டி எடு, மண்ணெண்ணெய் தடவி அரை மணி நேரம் விடு, நன்றாகத் துடைத்துவிட்டு மேலே சாக்பீஸ் பொடியைத் தேய், கொஞ்ச நேரம் கழித்துப் பார். பார்த்தேன். வெள்ளைப் பொடியில் ஈரக்கோடு ஒன்று, கழுத்திலிருந்து அடிப்பாகம் வரை மெல்ல எழுந்து வந்தது. விரிசலுக்குள் புகுந்த மண்ணெண்ணெயைப் பொடி உறிஞ்சிக் காட்டிக்கொடுத்தது. விரிசலின் வாயில் பட்டி வைத்து அடைத்து, அதன்மேல் நீலம்.

வெல்டிங் வைத்தால் என்ன என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். பெரும்பாலான வைஸின் உடம்பு வார்ப்பிரும்பு. அதில் கரி 2-லிருந்து 4 சதவீதம் வரை இருக்கும். சாதாரண வெல்டிங் ராடை வைத்துச் சுட்டால் வெல்டிங் நிற்கும், ஆனால் பக்கத்தில் இருக்கிற இரும்பு கண்ணாடி மாதிரி நொறுங்குகிற பதத்துக்கு வந்து, ஆறும்போதே ‘டிக்’ என்று புதிதாக விரியும். முறையாகச் செய்வதென்றால் முழு உருப்படியையும் முன்கூட்டிச் சூடேற்ற வேண்டும், நிக்கல் ராட் வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாகச் சுட்டுச் சுட்டுத் தட்டிக்கொடுக்க வேண்டும், கடைசியில் சாம்பலுக்குள் புதைத்து மெதுவாக ஆறவிட வேண்டும். அந்தச் செலவில் நல்லதாக இன்னொன்று வாங்கிவிடலாம். அதனால் பெயிண்ட் அடித்த பழைய வைஸை இப்போது நான் தொடுவதே இல்லை. துருவேறிக் கிடப்பதை நம்பலாம். துரு வேண்டுமென்று எதையும் மறைக்காது.

மூன்றாவது, என் செல்லம். மார்க்கெட் பக்கம் ஜாலி மொஹல்லாவில், பழைய சாமான் விற்கும் ஒரு குஜரிக் கடையில் டைனமோ குவியலுக்கு அடியில் தாடை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. இழுத்தால் வரவில்லை. கடைக்கார பாய் பையனை ஏவினார். சேற்றைத் துடைத்ததும் பக்கவாட்டில் ‘ரெக்கார்ட்’ என்ற எழுத்து, நம்பர் 3. இங்கிலாந்தில் ஷெஃபீல்டில் சி. அண்ட் ஜே. ஹாம்ப்டன் கம்பெனி வார்த்தது. வைஸின் அளவு என்பது எவ்வளவு திறக்கிறது என்பதல்ல, தாடையின் அகலம். நம்பர் 3-க்கு 4 அங்குலம். நிறுத்தால் 17 கிலோ சொச்சம்.

“பாய், எடைக்குக் குடுங்க.”

“எடைக்கா? இது வெள்ளக்காரன் மால்க்கா. மூவாயிரம்.”

“வெள்ளைக்காரன்தான் போயிட்டானே.”

“மால் இருக்குதே!”

2,200-க்கு முடிந்தது. அவர் சொன்னதில் தப்பில்லை என்பதால் அதற்குமேல் பேரம் பேச வாய் வரவில்லை.

திருகு உள்ளே இறுகிப்போயிருந்தது. குழாயை மாட்டி நெம்பக் கூடாது, சுத்தியலால் அடிக்கக் கூடாது என்று முன்பே உத்தரவு. வார்ப்பிரும்பு வளையாது, உடையும். கிரைண்டரும் தடை. மொலாசஸ்தான் வழி. ஹொஸகோட்டேயில் மாட்டுத்தீவனக் கடையில் கிடைக்கிறது, கரும்பாலைக் கழிவுப் பாகு. ஒரு பங்கு பாகுக்கு ஒன்பது பங்கு தண்ணீர். பழைய பிளாஸ்டிக் டப்பில் கலந்து வைஸை மூழ்க வைத்தால், துருவை மட்டும் மெல்ல மெல்லக் கரைத்து எடுக்கும். நல்ல இரும்பை அவ்வளவாகத் தொடாது. எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. நான்காம் நாளிலிருந்து புளித்து நுரை கட்டும். கள்ளுக்கடை வாசம். மாடிவீட்டு மாமா இரண்டு தரம் கீழே வந்து, ஒன்றும் கேட்காமல், சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார்.

அவசரக்காரர்களுக்கு வாஷிங் சோடா கரைத்த தண்ணீரும் பேட்டரி சார்ஜரும் இருக்கிறது. உருப்படியில் நெகடிவ், பக்கத்தில் தொங்கும் துண்டு இரும்பில் பாசிடிவ். அந்தத் துண்டு மட்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கவே கூடாது. குரோமியம் கரைந்து தண்ணீர் விஷமாகிவிடும். ஹைட்ரஜன் கிளம்பும், அதனால் திறந்த வெளியில்தான். ஒரு தரம் செய்தேன், வேலை செய்கிறது, எனக்குப் பிடிக்கவில்லை.

பதினைந்தாம் நாள் வெளியே எடுத்துக் கழுவி, வெயிலில் காயவைத்து, சூடு ஆறுவதற்குள் எண்ணெய் தடவினேன். விட்டால் கண்ணெதிரே செம்மண் நிறம் ஏறும். தாடைத் தகட்டுத் திருகு இரண்டும் அப்போதும் அசையவில்லை. கேஸ் டார்ச்சால் சூடாக்கி, மெழுகுவத்தியைத் திருகின் விளிம்பில் தொட்டால் மெழுகு உருகி மரைக்குள் இறங்கும். மூன்று முறை தொட்டதும் சுளுவாகச் சுழன்றது. அன்றைக்குச் சமையல் வெளியே வாங்கிக்கொண்டோம்.

பின்தாடையின் ஓரத்தில் ரம்பம் பட்ட தழும்புகள் ஏழு. எண்ணினேன். எவனோ கற்றுக்குட்டி ஒருவன், வேலையை விட்டுவிட்டு வைஸையே அறுத்திருக்கிறான். அதில் பட்டி வைக்கவில்லை. பழைய நீலம் ஒட்டிக்கொண்டிருந்த இடத்தில் அப்படியே விட்டேன். திருகுக்கு கிரீஸ், மற்ற இடத்துக்கெல்லாம் ஆளிவிதை எண்ணெய் மெல்லிய பூச்சு. உருவிப் பார்த்தால் மரைகள் கைப்பிடிப் பக்கம் லேசாக மெலிவு, மற்றபடி நிமிர்ந்து நிற்கின்றன.

பெஞ்சில் பொருத்துவதற்கும் கணக்கு உண்டு. முஷ்டியை மடக்கித் தாடையில் வைத்துக்கொண்டு நேராக நின்றால், முழங்கை வைஸின் தாடை மேல் உட்கார வேண்டும். நம் தாடைக்கும் அதன் தாடைக்கும் ஒரு முழங்கைத் தூரம். நான் ஐந்தடி ஒன்று. கம்பெனி பெஞ்ச் உயரத்தில் எனக்குத் தோள் வலித்திருக்கும். பின்தாடையின் முகம் பெஞ்சின் விளிம்பைத் தாண்டி ஒரு நூல் வெளியே நிற்க வேண்டும். அப்போதுதான் நீளமான கம்பியை நிமிர்த்திப் பிடித்துத் தரைவரை விடலாம். பித்தளைச் சாமானைப் பிடிக்கும்போது பல் பதியாமல் இருக்க, அலுமினியத் தகட்டை எல் வடிவில் மடக்கி இரண்டு தாடைக்கும் மாட்டிவிடுவேன்.

இதை வைத்து என்ன செய்கிறாய் என்று எல்லாரும் கேட்கிறார்கள். அரிவாள்மணை தீட்டுகிறேன். குக்கர் கைப்பிடி, பூட்டு, குத்துவிளக்குத் திருகு. தெருவில் பாதிப் பேருக்கு நான்தான் சாவிக்கு அரம் போடுகிறேன். பெரும்பாலும் ஒன்றும் செய்வதில்லை, சுற்றிப் பார்க்கிறேன்.

இப்போது வீட்டில் எட்டு இருக்கிறது. அமெரிக்க வில்டன் ஒன்று வேண்டும் என்று ஆசை. 1941-ல் சிகாகோவில் செக் நாட்டிலிருந்து வந்த ஒருவர் தொடங்கிய கம்பெனி. பின்பக்கம் துப்பாக்கிக் குண்டு போல உருண்டிருக்கும். ஆரம்பகால வில்டன்களில் அடியில் ஒரு தேதி குத்தியிருப்பார்கள். அது செய்த தேதி அல்ல, ஐந்து வருஷ உத்தரவாதம் முடிகிற தேதி. வைஸின் மேலேயே கணக்கு எழுதி வைத்திருக்கிறார்கள் பாருங்கள், எனக்குப் பிடிக்காமல் போகுமா?

போன வாரம் தங்கவயலார் கூப்பிட்டார். ராபர்ட்சன்பேட்டையில் ஒரு கொல்லுப்பட்டறையைக் காலி செய்கிறார்களாம். கால் வைஸ் ஒன்று இருக்கிறதாம். தரைவரை நீளும் இரும்புக் காலோடு, எவ்வளவு ஓங்கி அடித்தாலும் அடியைத் தரைக்குக் கடத்திவிடும் வகை. கொல்லர்களுக்கென்றே செய்தது. “திருகை உருவிப் பாத்துட்டேன். வா” என்றார். விலை சொல்லவில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை ரயிலில் போகிறேன். நாலடி நீளம், முப்பது கிலோவுக்கு மேல் இருக்கும், திரும்பி வரும்போது எப்படி ஏற்றுவது என்று வீட்டுக்காரரிடம் யோசித்துக்கொண்டிருந்தேன். மாமியார் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

“நானும் வரேன். கோடிலிங்கேஸ்வரரைப் பாத்த மாதிரியும் ஆச்சு. அதோட கால் பக்கம் நான் புடிச்சுக்கறேன்.”