பூவை விட்டுவிட்டு அடித்தண்டைப் பார்த்தேன்: ஒரு குளோப்மேலோ அடையாளம்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், ஃபீனிக்ஸ் நகரின் சவுத் மவுண்டன் பூங்காவில் மார்ச் வந்தால் பாறைச் சரிவெல்லாம் ஆரஞ்சு நிறப் பூ. குளோப்மேலோ என்கிறார்கள். பேரினம் ஸ்ஃபேரால்சியா. அதுவரை கண்டுபிடிப்பது சுலபம்: மகரந்தத் தாள்கள் ஒரே குழாயாக ஒட்டி நடுவில் நிற்கும், செம்பருத்திக் குடும்பமேதான். சிக்கல் அதற்கு அப்புறம். அரிசோனாவில் இதே ஆரஞ்சில் பூக்கும் இனங்கள் பல. செடியை அடையாளம் சொல்லும் செயலியில் பூப் படத்தைப் போட்டால் பேரினத்தோடு நின்றுவிடுகிறது. அதுவும் நியாயம்தான், வெறும் பூவை வைத்து வேறென்ன சொல்ல முடியும்?

அதனால் இந்தப் பருவம் தரையிலிருந்து ஆரம்பித்தேன். அடித்தண்டு கட்டையாக முற்றியிருந்தது. போன வருஷத்துக் காய்ந்த குச்சிகளுக்கு நடுவே புதுத் தண்டுகள் கொத்தாகக் கிளம்பியிருந்தன. சரி, இது பல்லாண்டுச் செடி. குளிர்கால மழைக்கு முளைத்து, விதை போட்டுவிட்டு மடியும் கோல்ட்டரி என்ற இனம் அல்ல.

அடுத்து மகரந்தப்பை. லாக்ஸா என்ற இனத்தில் அது கருஊதாவாக இருக்கும், இதில் மஞ்சள். இலை நீளத்துக்கு ஏறக்குறைய அதே அகலம், ஓரம் நெளிநெளியாக, சாம்பல் பூத்தது போல. பத்து மடங்கு லென்ஸில் அந்தச் சாம்பல் நிறம் நட்சத்திரம் நட்சத்திரமாகப் பிரிந்த மயிராகத் தெரிகிறது. தொட்ட கையால் கண்ணைக் கசக்காதீர்கள், நன்றாக உறுத்தும். காலையில் சீக்கிரம் போனால் பூவுக்குள் டயடேசியா தேனீ சுருண்டு தூங்குவதும் கிடைக்கும். அடையாளத்துக்கு அது உதவாது, ஆனாலும் அதைப் படம் எடுக்காமல் வர மனசு வருமா?

காய்க்குத்தான் காத்திருக்க வேண்டியிருந்தது. நம்மூர்த் துத்திக் காய் மாதிரியே வட்டமாக அடுக்கிய சுளைகள். ஒவ்வொரு சுளையிலும் மேல்பகுதி வழவழப்பாக இருந்து வெடிக்கும். கீழ்ப்பகுதியில் வலைப்பின்னல், அது வெடிக்காது. இந்த இரண்டுக்கும் உள்ள விகிதம் இனத்துக்கு இனம் மாறும். நான் பார்த்ததில் வழவழப்பான பகுதி பாதிக்கு மேல். எல்லாம் சேர்ந்து ஸ்ஃபேரால்சியா அம்பிகுவாவில் கொண்டுவந்து நிறுத்தியது. 1887இல் அமெரிக்கத் தாவரவியலாளர் ஏசா கிரே பெயரிட்ட இனம்.

பூங்காவில் எதையும் பறிக்கக் கூடாது, ஆகவே எல்லாம் குனிந்து உட்கார்ந்து பார்த்ததுதான். நகருக்குள் சாலையோரம் நட்டு வளர்த்த செடிகளை மட்டும் இப்படி ஆராய்வதில்லை. அருகருகே இருக்கும் இனங்கள் தங்களுக்குள் கலந்துவிடும் என்பதால், அவற்றை ஸ்ஃபேரால்சியா என்ற அளவிலேயே பதிந்து வைக்கிறேன்.